பாலை மரம் நின்ற இடம்

செய்தி வந்தபோது நான் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். புதிதாக மாற்றிய மூக்குக்கண்ணாடி மூக்கில் சரியாகப் பொருந்தாமல் வழுகிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: "எங்கட லட்சுமி ரீச்சர் இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா." அவர் தன் பெயரை லெட்சுமி என்றுதானே எழுதுவார், அதைக்கூடச் சரியாக எழுதத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளில் பிழை தேடியவனுக்குச் சாவுச் செய்தியிலும் பிழைதான் முதலில் கண்ணில் படும் போலிருக்கிறது. பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

ரீச்சரோடு பழகிய எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. எங்களால் ஒரு மரத்தைச் சும்மா பார்க்க முடியாது. சந்தியில், கடைகளுக்குப் பின்னால் ஒரு வேம்பு நின்றது. தன் பாட்டுக்குப் பச்சையாக நின்றது. இதை ரீச்சர் என்ன நிறத்தில் போட்டிருப்பார், எந்தப் பக்கம் சரித்திருப்பார் என்று யோசித்தேன். இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கடை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த சோடாப் பெட்டியில் குந்தியிருந்து, வெட்கமில்லாமல் அழுதேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முத்துலெட்சுமி என்பது முழுப் பெயர். விசுவமடுப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் இருபது வருடத்துக்கு மேல் சித்திரம் படிப்பித்தார். நான் அங்கே புவியியல் படிப்பித்தேன். அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். என்னுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டக் காணிக்கு வந்தவர்கள். இரண்டு குடும்பமும் வந்து குடியேறியவைதான். எங்கள் ஆட்கள் தாங்கள் வந்ததை மறந்துவிட்டார்கள், மலைநாட்டிலிருந்து வந்தவர்களை மட்டும் மறக்க விடவில்லை. காணி உறுதி ஒன்று இல்லாமல் ஒரு குடும்பம் எப்படிக் கூனிக் குறுகி வாழும் என்பதை அவர் சின்ன வயதிலேயே பார்த்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

எங்கள் முதல் சண்டை பாடசாலைக் கண்காட்சியில் தொடங்கியது. பிள்ளைகளின் படங்களோடு ரீச்சர் தன் படம் ஒன்றையும் மாட்டியிருந்தார். வயல் நடுவே ஒரு மருத மரம். அடிமரம் செங்கல் நிறம், இலை கறுப்பும் ஊதாவும், வானத்துக்கு மஞ்சள் காமாலை. மரம் நேராக நிற்காமல் முறுக்கிப் பிழிந்த சேலை மாதிரி நின்றது. வந்திருந்த அதிகாரி ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மரம் ஏன் ரீச்சர் சிவப்பு?" என்று கேட்டார். "பச்சைப் பெயின்ற் முடிஞ்சு போச்சு ஐயா" என்றார் ரீச்சர், முகத்தில் ஒரு அசுகையும் இல்லாமல். அதிகாரி திருப்தியோடு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஆசிரியர் அறையில் நான் விடவில்லை.

"பெயின்ற் முடிஞ்சதெண்டது பொய்தானே ரீச்சர்?"

"அரைவாசி உண்மை சேர். கேற்றுக்கு அடிக்கிற சிவப்புத்தானே எங்கட கடையளிலை எப்பவும் கிடக்கிறது."

"மற்ற அரைவாசி?"

"நான் அந்த மரத்துக்குக் கீழை நிண்டது நல்ல மத்தியானம். கண்ணை மூடின பிறகும் அது எரிஞ்சுகொண்டு நிண்டது. பச்சையைப் போட்டால் மரத்தின்ரை பேரை எழுதி வைச்ச மாதிரி இருக்கும். நான் கண்டது வராது."

"என்ரை வரைபடத்திலை காடு பச்சை. பிள்ளையளைக் குழப்பாதேங்கோ" என்றேன். அதற்கு அவர் சொன்னது பாடசாலை முழுவதும் பரவி, அவருடைய மாணவர்கள் இன்றைக்கும் சொல்லித் திரிகிற வசனமாகிவிட்டது: "பச்சை ஒரு நிறமில்லை சேர், பழக்கம்." அன்றைக்கு எனக்கு அது வெறும் வாய்க்கொழுப்பாகத்தான் பட்டது.

அவரிடம் அட்டை கழன்ற ஓவியப் புத்தகம் ஒன்று இருந்தது. ஏதோ குளிர்தேசத்து ஓவியர்கள், நூறு வருடத்துக்கு முந்தியவர்கள். கண்ணுக்குத் தெரிவதை விட்டு மனதுக்குப் பட்டதை வரைந்த கூட்டம். வெளிப்பாட்டுவாதம் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி வரும். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ரீச்சர் அந்த ஒரு வரியிலேயே குடியிருந்தார். இடைவேளையில் தேத்தண்ணீரும் பணிசும் ஒரு கையில், புத்தகம் மறுகையில். நீலக் குதிகால் மாதிரி வேர் ஊன்றிய மரங்கள், வரிசையில் நிற்கும் சனங்களைப் போன்ற மரங்கள், ஒரு பறவைகூட இல்லாத மரங்கள். "விசர் பிடிச்சவங்கள் கீறினது" என்று நான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "வடிவாப் பாருங்கோ சேர். இவங்கள் பட்டினத்தைக் கீறேக்கை கத்துறாங்கள். மரத்தைக் கீறேக்கைதான் அழுறாங்கள்" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அழுகை எனக்குத் தெரியவில்லை; ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் சென்றது.

மனிதர்களை ஏன் வரைவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, துடைத்து வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"மனிசரை இப்பிடி வளைச்சு முறிச்சுப் போட்டால், பாக்கிறவை ஆர் இது எண்டு கேப்பினம் சேர். எங்கட பக்கத்திலை அந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலையும் ஒரு மறுமொழி இருக்கு. மரமெண்டால் கேக்காயினம். பேசாமல் நிண்டு பாத்திட்டுப் போவினம்."

எங்கள் வீட்டிலும் அந்த மறுமொழி இருந்தது. என் தம்பி. வீட்டைவிட்டுப் போனவன், இன்னும் வரவில்லை.

இன்னுமொரு பழக்கம் அவருக்கு இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். ஒருமுறை ஆசிரியர்கள் எல்லோரும் கொக்கிளாய்க்குச் சுற்றுலாப் போனோம். மற்றவர்கள் பொரித்த மீனுக்கு அடிபட்டுக்கொண்டிருக்க, ரீச்சர் களப்பின் கரையில் நின்ற ஒரு பட்ட மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். காலால் அளந்தார். ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் அந்த மரத்தை உள்ளபடியே வரைந்தார், புகைப்படம் தோற்றுப்போகும். அதன் பிறகுதான் பெரிய தாளை எடுத்து, வர்ணத்தைக் குழைத்து, மரத்தைத் தன் இஷ்டத்துக்கு முறுக்கத் தொடங்கினார். மரத்தில் மூன்று கொப்பு, படத்தில் ஐந்து. "கூடின ரெண்டும் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டேன். "அது காத்து சேர்" என்றார். பென்சில் படத்தை என்ன செய்வார் என்றால், பெரிய படத்தின் பின்பக்கம் ஒட்டிவிடுவார். துணியில் வரைந்தால் துணியின் பின்பக்கத்திலேயே வரைந்துவிடுவார். முன்பக்கத்துக்குப் 'பட்டபடி' என்று பெயர், பின்பக்கத்துக்கு 'இருந்தபடி'. "இருந்தபடி தெரியாமல் பட்டபடி கீறினால் அது புளுகு" என்பார். இதை என் காதாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பிரயோசனம்?

கமலா அக்கா எங்கள் பாடசாலைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். ரீச்சரின் வீட்டுக் கிணறு சவர்; அதனால் குடிக்கவும் சமைக்கவும் கமலா அக்காவின் கிணற்றில்தான் அள்ளுவார். யுத்தம் ஓய்ந்திருந்த காலத்தில் கமலா அக்காவின் கணவர் ஒரு அலுவலாக வவுனியாவுக்குப் போனார், திரும்பி வரவில்லை. அந்த வருடம் ரீச்சர் கமலா அக்காவின் வளவை வரைந்து அவருக்கே கொடுத்தார். கோதுமை மாச்சாக்கைப் பிரித்துத் தோய்த்துக் காயவைத்த துணியில் வரைந்த படம். முன்னால் கிணறு. அதற்கப்பால் பெரிய வெளி. வெளியின் கடைசியில், எட்டாத தூரத்தில், ஒரு பாலை மரம். கடுஞ்சிவப்பு. வீட்டுப் பக்கமாகச் சரிந்து, ஏதோ சொல்ல வருகிற மாதிரி நிற்கும். அந்தப் பாலை உண்மையில் நின்ற மரம். ஆனி, ஆடியில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதன் பழத்தால் உதடு ஒட்டிக்கிடக்கும். அதுதான் கமலா அக்காவின் வளவுக்கும் பக்கத்து வளவுக் கந்தையா அண்ணையின் வளவுக்கும் எல்லை. மரத்துக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர்.

பிறகு எல்லோரும் ஓடினோம். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. வாசிக்கிறவர்கள் அநேகம் பேர் கூட ஓடியவர்கள்தான். கமலா அக்கா மகளின் உடுப்புகளை அந்தப் படத்துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார். காணிப் பத்திரங்கள் வைத்திருந்த பை எந்த ஊரில் விழுந்தது என்று தெரியாது. துணி மிஞ்சியது. முகாமில் கூடாரத்துக்குள் அதையே மறைப்பாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். படுத்தாலும் எழும்பினாலும் அவர் கண்ணுக்கு முன்னால் தன் கிணறும் அந்த வெளியும் சிவப்புப் பாலையும்தான்.

திரும்பி வந்தபோது வளவில் பாலை இல்லை. வேலியும் இல்லை. எல்லாவற்றையும் யாரோ இயந்திரத்தால் வழித்துத் தட்டையாக்கியிருந்தார்கள். பாதி தூர்ந்த கிணறு ஒன்றுதான் மிச்சம். கமலா அக்கா கிணற்றைத் துப்புரவாக்கி, அதற்கப்பால் வெகுதூரத்துக்குப் பதினாறு தென்னங்கன்று நட்டு, பிள்ளை வளர்ப்பது போல் இரண்டு வருடம் வாளியால் தண்ணீர் ஊற்றினார். கந்தையா அண்ணையும் திரும்பி வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் காணி என்று வந்தால் எங்கள் ஊரில் நல்ல மனிதர் என்று ஒருவரும் இல்லை. "பாலை நிண்டது கிணத்துக்கும் கமலாவின்ரை வீட்டுக்கும் நடுவிலை. அப்ப கிணறு என்ரை" என்றார் அவர். "பாலை நிண்டது தென்னங்கண்டுக்கும் அங்காலை" என்றார் கமலா அக்கா. காணி அதிகாரிகள் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கிணறு போனால் கமலா அக்கா அந்த வளவில் இருக்க முடியாது. தாயும் மகளும் குடிக்கவும், நட்டதற்கு ஊற்றவும் வேறு தண்ணீர் இல்லை.

ஊரில் மனு எழுதிக் கொடுக்கிற ஆள் நான். "அக்கா, உங்களிட்டைப் படம் இருக்கெல்லோ!" என்று துள்ளி எழும்பியவனும் நான்தான். படத்தில் மரம் எங்கே நிற்கிறது? கமலா அக்கா சொல்கிற இடத்தில், வெளியின் கடைசியில். அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கசங்கிய துணியாகக் கொண்டுபோனால் மதிக்க மாட்டார்கள் என்று பரந்தனில் சாமிப்படங்களுக்குப் பிரேம் போடுகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "பின்னாலையும் ஏதோ கீறிக் கிடக்கு சேர். பலகை அடிச்சால் மறைஞ்சு போகும்" என்றார். எனக்கு பஸ்ஸுக்கு நேரம். "அடியுங்கோ, அடியுங்கோ" என்றேன். முப்பது வருடம் வரைபடம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவன், அந்த வழக்கில் இருந்த ஒரேயொரு வரைபடத்துக்கு ஆணி அடிப்பித்தேன்.

விசாரணைக்கு முதல்நாள் ரீச்சரிடம், "உங்களைச் சாட்சிக்குப் போட்டிருக்கிறன். இது நீங்கள் கீறினதோ எண்டு கேப்பினம், ஓம் எண்டால் சரி" என்றேன். "படத்தை வடிவாப் பாத்தனீங்களோ சேர்?" என்று கேட்டார். "நூறுதரம்" என்றேன் பெருமையாக.

விசாரணை ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. அதிகாரி நிதானமானவர். படத்தை மேசையில் சாத்தி வைத்துவிட்டு, ரீச்சரைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"அம்மா, இது நீங்கள் கீறின படமோ?"

"ஓம் ஐயா."

"இதிலை இருக்கிற மாதிரித்தான் அந்த மரம் நிண்டதோ?"

கமலா அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். நான் ரீச்சரைப் பார்த்து, ஒருவருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினேன். ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"இல்லை ஐயா" என்றார் ரீச்சர்.

கந்தையா அண்ணை எழும்பியே விட்டார். "பாருங்கோ, பொய்ப்படம்!"

"பொய்யில்லை அண்ணை. மரத்தை நான் தள்ளி வைச்சனான்."

"மரத்தைத் தள்ளி வைக்க நீங்கள் என்ன புல்டோசரோ?"

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏனம்மா தள்ளி வைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

ரீச்சருக்குக் கோபம் வந்தாலோ கலக்கம் வந்தாலோ பேச்சில் அவருடைய தாய் தகப்பனின் தமிழ் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. "அந்த வருஷம் இந்த அக்கா கிணத்தடியில நின்னுக்கிட்டுத் தூரத்தையேதான் பாப்பாங்க, ஐயா. வாளி நிறைஞ்சு வழியிறதுகூடத் தெரியாது. மரம் கிட்டத்தான் நின்னுச்சு. ஆனா அவங்க கண்ணு போற இடத்துல மரம் நிக்கணும்னு எனக்குப் பட்டுச்சு. அதான் தூரமா வைச்சேன்." பிறகு தன்னைச் சுதாகரித்துக்கொண்டு, "உண்மையா நிண்ட இடம் படத்துக்குப் பின்னாலை இருக்கு. ஆரோ பலகை அடிச்சு மறைச்சுப் போட்டினம்" என்றார். அந்த 'ஆரோ' என்ற சொல்லை அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஆணிகளை நானே பிடுங்கினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையில் குரங்கு நான். பலகை கழன்றது. துணியின் பின்பக்கத்தில், பென்சில் கோடுகள் மங்கினாலும் அழியாமல், கிணறு, துலாக்கால், வேலி, பாலை எல்லாம் இருந்தன. பக்கத்தில் சிறிய எழுத்தில்: 'கிணற்றுக்கட்டிலிருந்து கிழக்கே பதினொரு காலடி. என் காலடி.' மூலையில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி. அரைவாசி கறுப்பு, அரைவாசி வெள்ளை. நான் கரும்பலகையில் போடுகிற அதே அம்புக்குறி. என் வகுப்பு யன்னலால் அவர் எப்போது அதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

அதிகாரி எல்லோரையும் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிணற்றுக்கட்டில் குதிகாலை வைத்துக் கிழக்கே பதினொரு காலடி அளந்து நின்றார். அந்த இடத்தில் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் அலவாங்கு ணங்கென்று பட்டது. பாலை வேர். மேலே தெரிந்ததையெல்லாம் வழித்தவர்களால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. சந்தேகம் தீரக் கோடாலியால் ஒரு சிராய் எடுத்தார்கள். உள்ளே கடுஞ்சிவப்பு. ரீச்சர் அந்தச் சிராயை என் கையில் வைத்தார்.

"சேர், புவியியலின்படி இது என்ன நிறம்?"

அந்த இடத்திலும் பகிடி.

கிணறு கமலா அக்காவுக்கே என்று முடிவானது. வேருக்கு அப்பாலுள்ள நிலம், பதினாறு தென்னங்கன்றோடு, கந்தையா அண்ணைக்குப் போனது. உண்மையில் கமலா அக்கா பொய் சொல்லவில்லை. முகாமில் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அதுவே வளவாகிவிட்டது. அவர் நினைவிலிருந்த மரத்தை ரீச்சரின் தூரிகை ஏற்கெனவே நகர்த்திவிட்டது. ஆனால் ஒரு தாய்க்கு, கண்ணுக்கு முன்னால் கன்றுகள் கைமாறும்போது, இதெல்லாம் விளங்குமா? ஊர் பார்க்க ரீச்சரைப் பேசினார். அவருடைய பெற்றோர் வந்த தோட்டத்தைச் சொல்லி ஒரு சொல் சொன்னார். நான் அதை எழுத மாட்டேன். "ஒரு ஓம் சொல்ல உனக்கு வாய் வரேல்லையோ?" என்று கேட்டார். ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த நாள் கமலா அக்கா படத்தைக் கொண்டுவந்து என் படலையில் சாத்திவிட்டு, "பிரேம் போட்டவரே வைச்சிருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து ரீச்சர் அந்தக் கிணற்றுக்குப் போகவில்லை. பாடசாலைத் தாங்கியிலிருந்து சைக்கிளில் பிளாஸ்ரிக் கானைக் கட்டித் தண்ணீர் கொண்டுபோவார். நான் ஒருநாள் ஆற்றாமல், "உண்மையைச் சொல்லி உங்களுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டுவிட்டேன். "கந்தையா அண்ணை சொன்ன இடத்திலை எல்லை விழுந்திருந்தால் கிணறு போயிருக்கும். நான் ஓம் எண்டிருந்தால் அண்ணையின்ரை நிலம் போயிருக்கும். காணி இல்லாத வீட்டிலை வளந்தவள் சேர் நான். மற்றாளின்ரை காணியிலை என்ரை மரத்தைக் கொண்டுபோய் நடுவனோ?" என்றார். பிறகு, "ஆனால் அந்தக் கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் அது வேறை ருசி" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. என் மனைவி ஆரம்பத்தில் கோபித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

படத்தை நான் எங்கள் விறாந்தைச் சுவரில் மாட்டினேன். பின்பக்கம் வெளியே தெரிய. பதினொரு காலடியும் அம்புக்குறியும்தான் எனக்குப் படம். ரீச்சர் வரும்போது, கதிரையில் இருக்க முன்னமே போய் அதைத் திருப்பிச் சிவப்பு மரத்தை வெளியே விடுவார். அவர் போனதும் நான் திருப்பிவிடுவேன். இது வருடக்கணக்காக நடந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. எப்போது என்று தெரியாது, ஒரு கட்டத்தில் நான் திருப்புவதை விட்டுவிட்டேன். காலையில் தேத்தண்ணீரோடு அந்தத் தூரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தம்பி வரும் வழி அது என்று சில நாட்களில் தோன்றும். இதை நான் ரீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

பரந்தனிலிருந்து நேராகச் செத்தவீட்டுக்குத்தான் போனேன். ரீச்சர் தன் தம்பி குடும்பத்தோடு இருந்த சிறிய வீடு. குளிப்பாட்டுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சவர்க் கிணற்றிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது படலையைத் திறந்துகொண்டு கமலா அக்கா வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கையில் குடம், மறுகையில் கான். ஒழுங்கை முழுவதும் சிந்திய தண்ணீரால் சேலைக்கரை நனைந்திருந்தது. ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் இரண்டையும் ரீச்சரின் தலைமாட்டுப் பக்கம் வைத்தார். "அந்தச் சவர்த் தண்ணியை வெளியிலை ஊத்துங்கோ. இது என்ரை கிணத்துத் தண்ணி" என்றார். பிறகு குனிந்து, மூடிய கண்களைப் பார்த்து, "வந்து அள்ளியிருக்கலாமெல்லோ, நான் மறிச்சனானோ?" என்று கேட்டுவிட்டுக் குழறி அழுதார். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கமலா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் படத்துக்கு முன்னால் நின்றபடி, "இதைத் தாங்கோ சேர்" என்றார். எனக்குக் கொடுக்க மனமில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமுமில்லை. இழுத்தடிப்பதற்காக, "எந்தப் பக்கத்தை அக்கா மாட்டப் போறியள்?" என்று கேட்டேன். கமலா அக்கா படத்தைக் கழற்றி, முன்னும் பின்னும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"முன்பக்கமும் என்ரை வளவுதான், பின்பக்கமும் என்ரை வளவுதான் சேர். ரெண்டையும் அவதானே எனக்குத் தந்தவா."

நான் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஒழுங்கையால் போனார்.

இப்போது ரீச்சரின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இருப்பது அலுமாரிக்குப் பின்னால் இத்தனை வருடமாகச் சாத்திவைத்திருந்த அந்தப் பலகைதான். நான் அடிப்பித்த, ரீச்சர் 'ஆரோ' என்று சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்ட பலகை. நான்கு ஓரத்திலும் ஆணித் துளைகள். நேற்று அதைத் தூசி தட்டி, படம் தொங்கிய அதே ஆணியில் மாட்டினேன். மனைவி வந்து பார்த்து, "இதென்னப்பா, வெறும் பலகை?" என்றாள்.

"ரீச்சர் தந்தது" என்றேன்.